கம்பியா? காற்றா?

மின்சாரம் ஓடுவதற்குக் கம்பி வேண்டும் என்று சிறு வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் இன்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்து வீடியோ விளையாட்டு ஆடும் சிறுவர் சிறுமியரின் கையைப் பார்த்தால், அங்கே கம்பியையே காணோம்! கையில் ஒரு கருவி, எதிரே ஒரு திரை, இடையே வெறுங்காற்று. பொத்தானை அழுத்தினால் திரையில் வீரன் தாவுகிறான். இக்கைக்கருவியைக் கன்ட்ரோலர் என்பர். கம்பியுள்ளது சிறந்ததா, கம்பியில்லாதது சிறந்ததா என்னும் வழக்கு, அண்ணன் தம்பியர் உள்ள வீடுகளில் அன்றாடம் நடப்பது. தோற்றவர் கருவியைக் குறை கூறுவதும், வென்றவர் அதை ஏற்க மறுப்பதும் நாம் அறிந்ததே. இவ்வழக்கில் உண்மை எது என்று சற்று ஆராய்வோமா, தோழியரே?

தொடக்கத்தில் எல்லாம் கம்பிதான். 1958-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியலறிஞர், பார்வையாளர்கள் சலிப்படையாமல் இருக்க ஒரு டென்னிஸ் விளையாட்டை அமைத்தார். ஆடுவோர் கையில் ஒரு திருகும் ஒரு பொத்தானும் உள்ள சிறு பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி. 1972-இல் விற்பனைக்கு வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி, வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் முதல் இயந்திரம். அதிலும் கம்பியே. 1983-இல் ஜப்பானில் நின்டென்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபாமிகாம் இயந்திரத்திலோ, கைக்கருவிகளின் கம்பி உள்ளேயே பிணைக்கப்பட்டிருந்தது. கம்பி பழுதானால் இயந்திரத்தையே திறக்க வேண்டும்.

கம்பி இருந்தால் அதில் யாரேனும் கால் தடுக்குவதும் இயல்பு. அப்போது விழுவது ஆள் மட்டுமன்று. இயந்திரமும் கூடவே விழும்! 2001-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் கருவியின் கம்பியில், இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும் ஓர் இணைப்பை வைத்திருந்தார்கள். தாய்மாரின் மனம் அறிந்த பொறியாளர் எவரோ அதைச் செய்திருக்க வேண்டும்.

கம்பியை நீக்கும் முயற்சி முன்பே தொடங்கியதுதான். 1983-இல் அடாரி நிறுவனம் வானொலி அலையால் இயங்கும் கைக்கருவியை விற்றது. ஆனால் அது பருமனானது. நீண்ட ஆன்டெனா வேறு. 1989-இல் நின்டென்டோ வெளியிட்ட சாட்டிலைட் என்னும் பெட்டி அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்தியது. நம் வீட்டுத் தொலைக்காட்சி ரிமோட்டும் இக்கதிரால் இயங்குவதே. குறுக்கே ஒருவர் நடந்தால் கதிர் மறைபடும், ஆட்டமும் கெடும். 2002-இல் வந்த வேவ்பேர்டு என்னும் கருவியே நிலையை மாற்றிற்று எனலாம். அது மீண்டும் வானொலி அலைக்குத் திரும்பியது. இரண்டு சிறு பேட்டரிகள், 16 அலைவரிசைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு சக்கரம், அவ்வளவுதான். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக, கையில் அதிரும் வசதியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். கம்பியில் செய்தி விரைவாகச் செல்லும், காற்றில் மெதுவாகச் செல்லும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது! வானொலி அலை ஒளியின் வேகத்தில் செல்கிறது. 3 மீட்டரைக் கடக்க அதற்கு ஒரு விநாடியின் பத்துக் கோடியில் ஒரு பங்கே போதும். கம்பியில் மின்குறிப்பு செல்லும் வேகமோ ஒளி வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

அப்படியாயின் தாமதம் எங்கே நேர்கிறது? வழியில் அன்று, புறப்படும் வாசலிலும் சேரும் வாசலிலும். வகுப்பில் ஆசிரியை பெயர் அழைக்கும்போதுதானே ‘உள்ளேன்’ என்கிறோம்? கைக்கருவியும் அவ்வாறே. “ஏதேனும் பொத்தான் அழுத்தப்பட்டதா?” என்று இயந்திரம் கேட்கும் முறை வரும்வரை அது காத்திருக்க வேண்டும். யு.எஸ்.பி. கம்பியில் விநாடிக்கு 125 முறை கேட்பது ஒரு வழக்கம். அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை. கம்பியில்லாக் கருவிக்கோ இன்னும் சில வேலைகள் உண்டு. செய்தியைப் பொட்டலமாகக் கட்ட வேண்டும். தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். வழியில் சிதைந்தால் மீண்டும் அனுப்ப வேண்டும். விநாடிக்கு 60 படங்கள் காட்டும் விளையாட்டில் ஒரு படம் நிற்பது ஏறத்தாழ 17 மில்லி விநாடி. நல்ல கம்பியில்லாக் கருவியின் தாமதம் இன்று அந்த ஒரு படத்துக்குள் அடங்கிவிடக்கூடியதே. படத்தை மெருகேற்றிக் காட்டும் சில தொலைக்காட்சிகள் இதைவிட மிகுதியான நேரத்தை விழுங்கிவிடுகின்றன! ஆகவே, கருவியைக் குறை கூறுமுன் தொலைக்காட்சியில் ‘கேம் மோட்’ என்னும் அமைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மீண்டும் அனுப்ப வேண்டிய தேவை ஏன் வருகிறது? காற்று ஒருவருக்கே உரியதன்று. புளூடூத், வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே வேலை செய்கின்றன. அந்த இரைச்சலிலிருந்து தப்ப, புளூடூத் தன் 79 அலைவரிசைகளுக்கிடையே விநாடிக்கு 1,600 முறை வரை தாவுகிறது. இவ்வாறு தாவும் கருத்துக்கு 1942-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இருவருள் ஒருவர் ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகை! மற்றவர் ஜார்ஜ் ஆன்டைல் என்னும் இசையமைப்பாளர். பகைவர் குழப்ப முடியாத நீர்மூழ்கிக் குண்டுக்காக அவர்கள் எண்ணிய முறை அது. பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள் அதில் இருந்தன. அழகுக்காக மட்டுமே அவரைப் போற்றிய உலகம் இதை நெடுநாள் அறியவில்லை என்பது நமக்கு வருத்தமே.

ஆயினும், நூற்றுக்கணக்கானோர் கூடும் போட்டி மண்டபத்தில் தாவுவதற்கும் இடம் குறைந்துவிடுகிறது. வேறொரு தொல்லையும் உண்டு. முன்பு ஆடியவர் தம் கருவியின் தொடர்பை நீக்காமல் பையில் போட்டுக்கொண்டு போவார். பையில் பொத்தான் அழுந்தும். மேடையில் யாருடைய ஆட்டமோ நின்றுவிடும். ஆட்டத்தை நடுவே நிறுத்தியவர் அச்சுற்றை இழப்பார் என்னும் விதி, சண்டை விளையாட்டுப் போட்டிகள் பலவற்றில் உண்டு. மாதக்கணக்கில் பயின்று வந்தவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு! ஆதலால் பல போட்டிகளில் கம்பியே கட்டாயம். கம்பியின் உண்மையான பெருமை வேகமன்று, உறுதி என்பதே நம் கருத்து. வீட்டில் இருவர் ஆடுவதற்குக் கம்பியில்லாததே போதும். பேட்டரி தீர்ந்துபோவது மட்டுமே அங்கே குறை.

கம்பி செருகியிருப்பதாலேயே செய்தி கம்பி வழியே செல்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இன் முதல் கைக்கருவியில் கம்பி மின்னேற்றவே பயன்பட்டது. விளையாட்டுச் செய்தி அப்போதும் காற்றில்தான் சென்றது. 2016-இல் வந்த திருத்திய கருவியே கம்பி வழியாகவும் பேசக் கற்றுக்கொண்டது.

இரண்டையும் ஒருங்கே கொண்ட ஒரு கருவியும் உண்டு. 2018-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர், உடற்குறையுள்ளோருக்காக அமைந்தது. அதன் பின்புறத்தில் 19 துளைகள். ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பொத்தானைக் கம்பியால் இணைக்கலாம். விரலை அசைக்க இயலாதவர் ஒரு பொத்தானை முழங்கையின் கீழும், ஒன்றைப் பாதத்தின் கீழும், ஒன்றைத் தலையணையின் ஓரத்திலும் வைத்துக்கொள்கிறார். அங்கிருந்து செய்தி கம்பியில் பெட்டிக்கு வருகிறது. பெட்டியிலிருந்து காற்றில் இயந்திரத்துக்குச் செல்கிறது. அறையில் அவர் தம் சக்கர நாற்காலியை எங்கு வேண்டுமானாலும் நிறுத்திக்கொண்டு ஆடலாம்.