மூச்சுக் கருவிக்கு மறுவாழ்வு

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த சுழியோடிகளிடம் இருந்த சாதனங்கள் மிகச் சில. கல்லொன்றின் பாரம் அவர்களை அடித்தளத்துக்கு இறக்கும். கயிறொன்று அவர்களை மேலே கொணரும். இடைப்பட்ட நேரம் முழுவதும் நெஞ்சில் அடக்கிய ஒரே மூச்சுத்தான் அவர்களுக்குத் துணை. அந்த ஒற்றை மூச்சின் எல்லையை மனிதன் கடக்கத் துணைசெய்த கருவிகளுள் தலையாயது இரட்டைக் குழாய்ச் சுவாச ஒழுங்காக்கி. இன்று வழக்கொழிந்துவிட்ட அக்கருவியைச் செப்பனிட்டு மீண்டும் இயங்கச் செய்வது ஒரு நுட்பமான கலை. கடலே இல்லாத கண்டி நகரின் சுற்றுப்புறத்துக்கும் அக்கலைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரான்ஸ் நாட்டிற் பெற்றோலுக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவியது. மோட்டார் எஞ்சின்களை வாயுவினால் ஓட்டுவதற்காக, எமில் கன்யான் என்னும் பொறியியலாளர் சிறியதொரு ஒழுங்காக்கியை அமைத்திருந்தார். எஞ்சின் எவ்வளவு வாயுவை உறிஞ்சுகிறதோ, அவ்வளவை மாத்திரமே அது விடுவிக்கும். கடற்படை அதிகாரியான ஜாக் ஈவ் கூஸ்தோ அவருடன் சேர்ந்து, எஞ்சினின் இடத்தில் மனிதனின் நுரையீரலை வைத்துப் பார்த்தார். 1943ஆம் ஆண்டில் ‘அக்குவாலங்’ பிறந்தது.

அதன் அமைப்பு எளிது. சுழியோடியின் முதுகில் உள்ள சிலிண்டரில் காற்று ஏறத்தாழ 150 முதல் 200 வளிமண்டல அமுக்கத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அதன் தலையில் வட்டமான பித்தளைப் பெட்டி ஒன்று பொருந்தியிருக்கும். பெட்டியின் நடுவே மெல்லிய இறப்பர்ச் சவ்வு ஒன்று அதனை இரு அறைகளாகப் பிரிக்கிறது. ஓர் அறையினுட் கடல்நீர் தாராளமாகப் புகும். மற்றதில் சுவாசிக்கும் காற்று இருக்கும். சுழியோடி மூச்சை இழுக்கும்போது காற்றறையின் அமுக்கம் குறைகிறது. நீர் சவ்வை உள்ளே தள்ளுகிறது. சவ்வு நெம்புகோலை அழுத்துகிறது. நெம்புகோல் வால்வைத் திறக்கிறது. காற்று வலப்பக்கக் குழாய் வழியே வாய்க்கு வருகிறது. இழுப்பது நின்றதும் வால்வு மூடிக்கொள்கிறது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். அந்த நீரே சவ்வின் மறுபுறத்தை அழுத்துவதால், எந்த ஆழத்திலும் அவ்விடத்து அமுக்கத்துக்குச் சமமான காற்றே நெஞ்சை அடையும்.

வெளிவிடும் மூச்சு வாயருகே வெளியேறாமல், இடப்பக்கக் குழாய் வழியே மீண்டும் முதுகுப் பெட்டிக்குச் செல்வது ஏன் என நேயர்கள் வினவலாம். காற்றை விடுவிக்கும் சவ்வும், மூச்சை வெளியேற்றும் வால்வும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தால், இரண்டிடத்து நீரமுக்கமும் வேறுபட்டு, காற்று தானே ஒழுகிச் சிலிண்டர் வெறுமையாகிவிடும். தாராவின் அலகு போன்ற வடிவுடைய ஓர் இறப்பர் வால்வு அப்பெட்டியினுள் அமர்ந்து, மூச்சை வெளியே விட்டு, நீரை உள்ளே விடாது தடுக்கிறது.

இத்தகைய சுவாசக் கருவிகள் இலங்கைக் கடலாய்விலும் ஒரு புதிய அத்தியாயத்தைத் தொடக்கின. விஞ்ஞான எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் 1956ஆம் ஆண்டில் திருகோணமலைச் சுவாமி மலையின் அடிவாரத்துக் கடலில் இறங்கினர். 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட திருக்கோணேச்சரத்தின் கற்றூண்களும் சிற்பவேலை கொண்ட கற்களும் அங்கே கிடக்கக் கண்டனர். 1961ஆம் ஆண்டில், தென்கிழக்குக் கரைக்கப்பால் உள்ள பெரிய பாஸஸ் பாறைத்தொடரருகே, ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்களைச் சுமந்து மூழ்கிய கப்பலொன்றை வில்சன் கண்டுபிடித்தார்.

பின்னர் ஒற்றைக் குழாய்க் கருவி பரவியது. வாயருகே ஒரு சிறு பெட்டி. அதற்கு ஒரே மெல்லிய குழாய். மலிவும் எளிமையும் அதன் பக்கம் இருந்தமையால், இரட்டைக் குழாய்க் கருவிகள் 1970களுக்குப் பின்னர் பெட்டகங்களிலும் பரண்களிலும் ஒதுங்கின. இன்று அவற்றைத் தேடியெடுத்துச் செப்பனிடுவோர் பல நாடுகளில் உளர். குமிழிகள் முகத்துக்கு முன்னே எழாமல் முதுகுப் புறத்தே செல்வதால், மீன்கள் மிரள்வது குறைவு, பார்வையும் தடைப்படாது. அப்பழமையின் மேல் உள்ள விருப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

செப்பனிடும் கலையின் அடிப்படை, இக்கருவி பெரும்பாலும் இரண்டே பொருள்களால் ஆனது என்பதை உணர்வதாகும். ஒன்று பித்தளை, மற்றையது இறப்பர். இவ்விரண்டையுமே கண்டிப் பிரதேசம் நன்கறியும்.

கண்டியிலிருந்து கொழும்பு வீதியிற் செல்வோர் பிலிமத்தலாவையை அடையுமுன்னரும் பின்னரும், வரிசை வரிசையாகப் பித்தளைக் குத்துவிளக்குகளும் தட்டங்களும் மின்னுவதைக் காண்பர். பித்தளையைப் பிடித்த களிம்பு அகற்றற்குரியது என்பதை அங்குள்ள கைவினைஞரும், புளியிட்டுப் பாத்திரம் துலக்கும் இல்லத்தரசியும் அறிவர். புளியின் அமிலம் செய்யும் அதே வேலையைச் செப்பனிடுவோர் நீர் கலந்த வினாகிரியைக் கொண்டு செய்கின்றனர். பகுதிகளைக் கழற்றும்போதே ஒழுங்காகப் படம் பிடித்து, வரிசைப்படி வைத்து, சில நிமிடங்கள் மாத்திரம் அமிலத்தில் ஊறவிட்டு, மென்மையான தூரிகையால் தேய்த்து, நன்னீரில் அலசி உலர்த்துவர். நேரம் மிஞ்சினால் அமிலம் உலோகத்தையே அரிக்கும். பித்தளை செந்நிறமாக மாறியிருந்தால், அதிலுள்ள நாகம் கரைந்து, செம்பு மாத்திரம் கடற்பஞ்சு போல் எஞ்சியுள்ளது என்பது பொருள். அத்தகைய பகுதி வலுவற்றது. அதனைக் கைவிடுவதே அறிவு.

காற்று நுழையும் வாயிலிலுள்ள சிறு வடிகட்டி, அக்கருவியின் வரலாற்றையே கூறும். பச்சை நிறம் ஈரமும் உப்பும் உட்புகுந்ததைக் காட்டும். செந்தவிட்டு நிறம் சிலிண்டரின் உட்புறம் துருப்பிடித்ததைக் காட்டும். அடுத்து வால்வின் இருக்கையை உருப்பெருக்கியின் கீழ் நோக்குவர். மயிரளவு கீறல் இருந்தாலும் காற்று ஓயாது கசியும்.

பித்தளை இவ்வாறு பேணத் தக்கது. இறப்பரின் கதை வேறு.

பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொணர்ந்த இறப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. 1876ஆம் ஆண்டில் அவற்றுள் 1,919 நாற்றுக்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மகாவலி கங்கை வளைந்து சூழும் பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் அவை வந்து சேர்ந்தன. தாழ்நில வெப்பமே ஏற்றது என்பதால் பெரும்பாலானவை கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 1906ஆம் ஆண்டு செப்டெம்பரில் பேராதனைப் பூங்காவிலேயே இறப்பர்க் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அதன்பின் தோட்டங்கள் பெருகின. விடியுமுன்னரே மரத்தடிக்குச் சென்று பால் வெட்டிய தொழிலாளரில், இந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்தினரும் பலர்.

மரத்தின் பாலிலிருந்து பெறும் இறப்பர் கந்தகத்தோடு சூடேற்றப்படும்போது உறுதி பெறுகிறது. ஆயினும் அது நித்தியமானதன்று. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கின்றன. வெயிலும் வெப்பமும் அதனை விரைவுபடுத்துகின்றன. செம்பு இயற்கை இறப்பருக்குப் பகை. பித்தளையிற் படிந்த களிம்பிலிருந்து செம்பு சிறிதளவு இறப்பரிற் புகுந்தாலும், அது சிதைவைத் தூண்டும். ஆகவே களிம்பை நீக்குவது அழகுக்காக மாத்திரமன்று. அருகிலுள்ள இறப்பரின் ஆயுளுக்காகவுமாகும்.

இங்கேதான் செப்பனிடுவோர் தவறிழைக்கும் அபாயம் உள்ளது. பழைய குழாய் பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும். அதனை இழுத்து, மடிப்புக்களை வெளிச்சத்திற் பிடித்தால் நுண்ணிய வெடிப்புக்கள் தென்படும். கரையில் மூச்சு வாங்கும்போது குறையொன்றும் தெரியாது. இருபது மீட்டர் ஆழத்திலோ அந்த வெடிப்பினூடாகக் காற்றுக்குப் பதிலாக நீர் வரும். சமையல் எண்ணெய், வாசலின் முதலியவற்றைப் பூசி இறப்பரை ‘இளமையாக்க’ முயல்வதும் தீதே. எண்ணெய் இயற்கை இறப்பரை உப்பி நெகிழச் செய்யும். உயரமுக்கக் காற்றுச் செல்லும் வழியில் அது தீப்பற்றவும் கூடும். சவ்வு, அலகு வால்வு, குழாய்கள், முத்திரை வளையங்கள் யாவும் புதியனவாக மாற்றப்பட வேண்டும். சிலிக்கோனால் ஆன சவ்வும் வால்வும் இன்று கிடைக்கின்றன; ஓசோன் அவற்றை எளிதில் தீண்டாது. கழற்றிய பழைய இறப்பரை எறிந்துவிடாது, குறிப்பெழுதித் தனியே வைப்பது வரலாற்றுக்குச் செய்யும் கடமை.

பகுதிகளைப் பொருத்திய பின்னர் சோதனைகள் தொடங்கும். சிலிண்டரை மூடியபடியே வாயை வைத்து இழுத்தால் ஒரு துளிக் காற்றும் வரலாகாது. வந்தால் எங்கோ கசிவு உண்டு. பின்னர் அமுக்கத்தை மெதுவாக ஏற்றி, அமுக்கமானியின் முள்ளைக் கவனிப்பர். நின்ற இடத்தில் முள் நில்லாமல் ஊர்ந்தேறினால் வால்வு சரியாக மூடவில்லை. நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் குமிழிகளைத் தேடுவர். சிலிண்டருக்குத் தனியே நீரமுக்கச் சோதனை நடத்தப்பட வேண்டும். இவையெல்லாம் நிறைவேறிய பிறகே, பயிற்சி பெற்ற துணைவருடன் ஆழமற்ற நீரில் முதன்முறை இறங்குதல் தகும்.

மலைநாட்டு நீரில் இறங்குவோர் இன்னொன்றையும் நினைவில் இருத்தல் வேண்டும். 1985ஆம் ஆண்டில் விக்டோரியா அணை செயற்படத் தொடங்கியதோடு, கண்டிக்குக் கிழக்கேயிருந்த பழைய தெல்தெனியா நகர் நீர்த்தேக்கத்துள் ஆழ்ந்தது. கடும் வரட்சியில் மாத்திரம் அதன் இடிபாடுகள் தலைகாட்டும். அந்நீர்ப்பரப்பு கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்கே காற்றின் அமுக்கம் கடற்கரையிலும் சற்றுக் குறைவு. சவ்வு அவ்வேறுபாட்டைத் தானே உணர்ந்து இயங்கும். ஆனால் மேலேறும் வேகத்தையும் தரிக்கும் நேரத்தையும் கூறும் கடல்மட்ட அட்டவணைகள் அதை உணரா. அவற்றை உயரத்துக்கேற்பத் திருத்தியே பயன்படுத்தல் வேண்டும்.

பழம்பொருளைக் காப்பது என்றால் அதன் ஒவ்வோர் அணுவையும் அப்படியே வைத்திருப்பது என்று சிலர் கருதுவர். காட்சிப்பேழையில் இருக்கும் பொருளுக்கு அது பொருந்தலாம். மனித உயிரைத் தாங்கப்போகும் கருவிக்குப் பொருந்தாது. நூறாண்டு கழிந்தாலும் பித்தளை துலக்குவோரின் கைக்காகக் காத்திருக்கும். இறப்பர் அவ்வாறு காத்திராது. எதனைக் காக்க வேண்டும், எதனை மாற்ற வேண்டும் எனப் பிரித்தறிந்தவரிடமே அந்தப் பழங்கருவி மீண்டும் மூச்சு விடும்.