படைவீரர் தீட்டிய கண்டி

1815 மார்ச் 2ஆம் தேதி உடன்படிக்கையோடு கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. கூடவே தூரிகையும் மலையேறியது. 73ஆம் படைப்பிரிவு அதிகாரி வில்லியம் லிட்டில்டன் வரைந்த ஆறு இலங்கைக் காட்சிகளை எட்வர்ட் ஓர்ம் 1819இல் லண்டனில் பதிப்பித்தார். கண்டிப் பகுதியும் அவற்றில் உண்டு. இவை அக்வாடிண்ட் அச்சுகள்: செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி, அமிலத்தில் அரிக்கவிட்டால், மலைமூட்டம் போன்ற மெல்லிய சாயல் தாளில் விழும். வண்ணம் பிறகு கையால் பூசப்படும்.

அன்றைய தெருக்களை எழுத்தில் தந்தவர் படை மருத்துவர் ஜோன் டேவி (1821). தாழ்ந்த மண்மேடை மேல் மண்சுவர் வீடுகள், கூரை வேய்ந்தது, ஓடு பிரதானிகளின் வீட்டுக்கே. தலதா மாளிகை முன்றலின் எண்கோண மண்டபமும் வாவியும் அப்போது புதியவை. இரண்டும் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தவை. இன்றைய பழங்கண்டி அன்றைய புதுக்கண்டி!

கண்டிக்கு அருகே குண்டசாலையில் முந்தைய மன்னன் வீர நரேந்திர சிங்கன் (1707–1739) அமைத்த அரண்மனைக்கோ இப்படி இன்றுவரை நிலைக்கும் வாய்ப்பு அமையவில்லை. அவனுக்குப் பின் அரியணை ஏறியது, அவனது மதுரைப் பட்டத்தரசியின் சகோதரன். கண்டியில் நாயக்கர் அரச வழி அவனோடுதான் தொடங்கியது.