ஐந்தாவது டயர்

போடி மலையில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் ஜீப் பாதை. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. நண்பர் தன் மஹிந்திரா தாரை ஓட்டிக்கொண்டிருந்தார், நான் பக்கத்து சீட்டில். பிடிமானத்துக்காக டயர்களில் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கியிருந்தோம். ஒரு கொண்டை ஊசி வளைவில், மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாறை விளிம்பு வலது பக்கப் பின் டயரை உரசியது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. வண்டி மட்டும் மெல்லச் சாய்ந்தது. இறங்கிப் பார்த்தால், டயரின் சைடுவாலில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். உள்ளே நூல் தெரிந்தது.

நண்பர் பதறவில்லை. "ஸ்டெப்னி இருக்கே" என்றார். இருந்தது. பின் கதவில், தோல் உறை போட்டு, ஷோரூமிலிருந்து வந்த அன்று இருந்த அதே பளபளப்போடு இருந்தது. வண்டியை இரண்டு இஞ்ச் உயர்த்தி, நான்கு சக்கரத்திலும் 285/70 ஆர்17 மட் டயர் ஏற்றியவர், ஐந்தாவதை மட்டும் கம்பெனி கொடுத்த 255/65 ஆர்18-லேயே விட்டுவைத்திருந்தார். டயர் ஒன்று இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். சும்மா தொங்கப்போகிற ஒன்றுக்கு ஏன் அவ்வளவு என்ற கணக்கு. இந்தக் கணக்கை அவர் மட்டும் போடுவதில்லை. வண்டியை மாற்றியமைக்கும் பத்துப் பேரில் பாதிப் பேராவது இப்படித்தான் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

முதல் சிக்கல் ஜாக்கியில் வந்தது. உயர்த்திய வண்டிக்குக் கம்பெனி ஜாக்கியின் உயரம் போதாது. பாடிக்கு அடியில் கொடுத்தால், சஸ்பென்ஷன் தொங்கித் தொங்கி இறங்குமே தவிர சக்கரம் தரையை விட்டு எழாது. நல்லவேளை, தாருக்குப் பின்னால் இருப்பது முழு ஆக்சில். அதற்கு அடியில் மரக்கட்டை போட்டு, அதன்மேல் ஜாக்கியை வைத்து ஏற்றினோம். இரண்டாவது சிக்கல் போல்ட் நட்டில். வெளியே வாங்கிய அலாய் வீலுக்கு ஒரு வகை நட்டு, கம்பெனி வீலுக்கு வேறு வகை. பழைய நட்டுகள் வீட்டில், ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. இருந்ததை வைத்து முடுக்கி, அஞ்சி அஞ்சி ஓட்டும் நிலை.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. எண்களைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி டயரின் விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர். நண்பர் போட்டிருந்ததன் விட்டம் சுமார் 831. கைக்கு நாலு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஒரு கிலோமீட்டர் ஓடினால் பெரிய டயர் 383 சுற்று சுற்றும், சின்னது 404 சுற்று. கிலோமீட்டருக்கு இருபது சுற்று கூடுதல். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் பெரியதும் மறுபக்கம் சின்னதும் இருந்தால், நடுவில் இருக்கும் டிஃப்ரன்ஷியல் நேர் ரோட்டிலும் வளைவில் திரும்புவதுபோலவே ஓயாமல் வேலை செய்யவேண்டும். தாரின் மேல்ரக மாடல்களில் பின் ஆக்சிலில் லாக்கரும் உண்டு. ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் பூட்டிவிடுவது அதன் வேலை. விட்டம் வேறான இரண்டு சக்கரங்களைப் பூட்டினால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு தேயும்.

அதனால் தெரிந்தவர்கள் ஒன்று செய்வார்கள். பின்னால் பஞ்சர் ஆனாலும் சின்ன ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டமாட்டார்கள். முன் சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை முன்னால் மாட்டுவார்கள். டூ வீல் டிரைவில் தாருக்குப் பின் சக்கரங்கள்தான் இழுக்கும். முன்னவை சும்மா உருளும். நாங்களும் அப்படித்தான் செய்தோம். இரண்டு சக்கரத்தைக் கழற்றி மாட்ட முக்கால் மணி நேரம், முழங்கை வரை சேறு.

ஆனால் போகவேண்டிய வழி ஏற்றம், ஃபோர் வீல் இல்லாமல் ஏறாது. ஃபோர் வீல் போட்டால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். இந்த வகை வண்டிகளில் நடுவே வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளும் டிஃப்ரன்ஷியல் கிடையாது. சேற்றில் டயர் சறுக்கி அந்த முறுக்கைக் கரைத்துவிடும். பாறையிலும் தாரிலும் (ரோட்டுத் தாரைச் சொல்கிறேன்) கரையாது. முறுக்கு ஷாஃப்டில் ஏறிக்கொண்டே போகும், லீவரைத் திரும்ப எடுக்கவும் வராது. ஆக, ஃபோர் வீல் வண்டி வாங்கி, அதைப் பெரிதாக்கி, அவசரத்தில் அது ஃபோர் வீல் இல்லாத வண்டியாகிவிட்டது.

தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு பழைய மஹிந்திரா ஜீப் வந்தது. ஓட்டிய பெரியவர் இறங்கி, எங்கள் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின் கதவில் தொங்கிக்கொண்டிருந்த கிழிந்த டயரைப் பார்த்தார். அது பெரியதாக இருந்ததால் கதவில் சரியாக உட்காரவும் இல்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தோம்.

"நாலு வாங்குனீகளே தம்பி, அஞ்சாவத எதுக்கு விட்டீக?"

"அது சும்மா தொங்குறதுதானேண்ணே..."

"நம்ம வண்டில அஞ்சும் ஒரே சைசு. ரீட்ரெடுதான், ஆனா ஒரே சைசு."

மேலே போகும் எண்ணத்தை விட்டோம். பெரியவர் கயிறு கட்டி, கீழே வரை தன் வண்டியால் தாங்கிப் பிடித்தே இறக்கிவிட்டார். காசு கொடுத்தோம், வாங்கவில்லை. டீ மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஸ்டெப்னி என்ற சொல்லே ஒரு தெருவின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் ஒரு மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார்கள். அந்தக் காலத்துக் காரில் சக்கரத்தைக் கழற்ற முடியாது. டயரை மட்டும்தான் கழற்றி ஒட்டுப் போடவேண்டும், அதுவும் ரோட்டு ஓரத்தில். இவர்கள் ஆரக்கால் இல்லாத ஒரு ரிம்மில் காற்றடித்த டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கிளாம்பு போட்டு இறுக்கும்படி செய்தார்கள். தெருவின் பெயர் பொருளுக்கு ஆனது, பிரிட்டிஷ்காரர்களோடு கப்பலேறி இங்கே வந்தது. ஆங்கிலேயன் அந்தச் சொல்லை மறந்துவிட்டான். நாம் இன்னும் வைத்திருக்கிறோம், மனிதர்களைக் கேலி செய்யவும் சேர்த்து.

இப்போது ஸ்டெப்னியே வேண்டாம் என்கிற காலம். 2020-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 3.5 டன் வரையுள்ள பயணிகள் வண்டியில் டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. நகரத்து வண்டிக்கு இது நியாயம்தான். ஆணி ஏறுவது டயர் முகத்தில். ஒரு ஸ்ட்ரிப்பைச் சொருகினால் ஐந்து நிமிடத்தில் கிளம்பலாம். மலையில் டயர் சாவது முகத்தில் அல்ல, சைடுவாலில். காற்றைக் குறைத்தால் அது பிதுங்கி நிற்கும், கல்லுக்கு முதல் இரை அதுதான். அங்கே கிழிந்தால் எந்த ஸ்ட்ரிப்பும் நிற்காது. மெல்லிய தற்காலிக ஸ்டெப்னியும் உதவாது. 60 பிஎஸ்ஐ காற்றடித்து, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், நல்ல ரோட்டில் பஞ்சர் கடை வரை போவதற்காகச் செய்தது அது.

சரி, ஐந்தாவதையும் வாங்கியாயிற்று. எங்கே மாட்டுவது? வாங்குவதைவிட இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

தார், ஜிம்னி, கூர்க்கா, ஜீப் ராங்லர் எல்லாவற்றிலும் ஸ்டெப்னி பின் கதவில்தான். கதவு பக்கவாட்டில் திறக்கும், அதன் முழு எடையையும் ஓரத்தில் இருக்கும் கீல்கள் தாங்கும். கம்பெனி வீல் சுமார் முப்பது கிலோ என்றால், 33 இஞ்ச் மட் டயர் ரிம்மோடு நாற்பதைத் தாண்டும். பத்துக் கிலோதானே என்று தோன்றும். அந்தப் பத்துக் கிலோ கீலிலிருந்து ஏறக்குறைய இரண்டடி தள்ளித் தொங்குகிறது, கல் ரோட்டில் ஒவ்வொரு குதிப்பிலும் பல மடங்கு எடையாகிக் கீலைத் தட்டுகிறது. அகலமான டயர் என்பதால் கதவுத் தகட்டில் முட்டும். முட்டாமல் இருக்க ஸ்பேசர் வைப்பார்கள், எடை இன்னும் வெளியே போகும். விட்டம் கூடியதால் மேலே பிரேக் லைட்டை மறைக்கும், கீழே பம்பரில் உரசும். சிலர் கதவில் இருக்கும் ரப்பர் குமிழ்களைக் கழற்றி இடம் பண்ணுவார்கள். டயர் அந்தக் குமிழ்களில் அழுந்தி நின்றால்தான் ஆடாது. ஆடுகிற டயர் கதவை ஒரு வருடத்தில் தின்றுவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கதவைப் பாதி திறந்து, வெளி ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். விரல் அளவுக்கு ஆட்டம் இருந்தால் கீல் பின் தேய்ந்துவிட்டது. கீலைச் சுற்றி பெயின்ட்டில் முடி போன்ற கோடு தெரிந்தால், அது வெறும் பெயின்ட் விரிசலாக இல்லாமல் தகட்டு விரிசலாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் ராங்லரில் 35 இஞ்ச் டயர் மாட்டுவது சகஜம். அங்கே கதவை வலுப்படுத்தும் கீல்களும், கதவைத் தொடாமல் எடையைத் தாங்கும் சட்டங்களும் தனியாக விற்கின்றன. கம்பெனியே 35 இஞ்ச் டயரோடு ராங்லரை விற்க ஆரம்பித்தபோது, கீலையும் பலமாக்கித்தான் விற்றது. வெறும் டயரை மட்டும் மாற்றவில்லை.

கூரையில் ஏற்றலாமே என்பார்கள். நாற்பது கிலோவை ஆறடி உயரத்தில் வைத்துக்கொண்டு பக்கச் சரிவில் போகவேண்டும். அதைவிட, இருட்டில், சேற்றில் நின்றுகொண்டு அதைத் தனியாளாக இறக்கிப் பாருங்கள். வண்டிக்குள் வைப்பது இன்னும் மோசம். கட்டாமல் வைத்தால் திடீர் பிரேக்கில் பின் சீட்டில் இருப்பவரின் முதுகுக்கு வந்து சேரும். கட்டி வைத்தால், மூன்று கதவு தாரில் பையை எங்கே வைப்பது?

உருப்படியான வழி, சேஸிஸில் பிடித்த பின் பம்பரில் தனிக் கை வைத்து, அதில் டயரை மாட்டுவது. கை தன் பேரிங்கில் சுழலும், கதவுக்கு எடையே இல்லை. இதிலும் விலை உண்டு. பம்பரும் கையும் சேர்ந்து இன்னொரு முப்பது நாற்பது கிலோ. கதவைத் திறக்க ஒவ்வொரு முறையும் முதலில் கையைத் திறக்கவேண்டும். பம்பர் கீழே நீண்டால், தாருக்கு இருக்கும் 36.8 டிகிரி பின்புற இறக்கக் கோணம் குறையும், ஓடையிலிருந்து ஏறும்போது முதலில் தரையில் இடிப்பது அதுதான். உள்ளூர் பட்டறையில் மலிவாகச் செய்தால் கிரீஸ் நிப்பிள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது டயர் சைஸைத்தான். 33 இஞ்ச் டயரும் தனிப் பம்பரும் சொந்த நிலத்திலும் போட்டிக் களத்திலும் ஓட்டுகிறவருக்கு. ரோட்டில் ஓட்டுகிறவர் அந்த ஆபத்தைத் தெரிந்தே எடுக்கிறார்.

நான் என் வண்டியில் என்ன செய்தேன் என்று கேட்டால்: கம்பெனி சைஸ், ஆல்-டெரைன் டயர், ஐந்தும் ஒரே நாளில் வாங்கியது. பார்க்க மிரட்டலாக இருக்காது. கதவு அழவில்லை, ஜாக்கி எட்டுகிறது, நட்டு பொருந்துகிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் சுழற்றி மாற்றுகிறேன், ஸ்டெப்னியும் தன் முறைக்குத் தரையில் ஓடும். ஐந்தும் ஒன்றாகத் தேயும். நாலு மட்டும் ஓடித் தேய்ந்து, ஐந்தாவது புதிதாகவே தொங்கினால், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக வேறு சைஸ் ஆகிவிடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

ரப்பர் ஓடாவிட்டாலும் வயதாகும். டயரின் பக்கத்தில் டாட் என்ற எழுத்துகளோடு ஒரு வரிசை இருக்கும், அதன் கடைசி நான்கு எண்கள் பிறந்த தேதி. 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பத்து வருடம் ஆன டயரைத் தேயாவிட்டாலும் மாற்றிவிடவேண்டும். ஐந்தாறு வருடம் தாண்டியதை வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டவேண்டும். உறையைக் கழற்றி இதை ஒருமுறையாவது பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நண்பர் ஐந்தாவதை வாங்கவில்லை. நான்கையும் விற்றுவிட்டு, பழைய சைஸுக்கே திரும்பினார். கதவுக் கீலை மட்டும் மாற்றவேண்டி வந்தது. கயிறு கட்டி இறங்கிய அந்தப் பதினாலு கிலோமீட்டரிலேயே அது போயிருந்தது.