மைனர் யார்?

'மைனர்' ஆங்கிலச் சொல்லேயாயினும், சோழபுரத்துத் தேநீர்க் கடையில் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. கழுத்துச் சங்கிலி வெளியே தெரிய உலவும் வாலிபனை, "வாங்க மைனரே!" என்று வரவேற்கிறோம். இப்பொருள் ஜமீன்கள் தந்தது எனலாம். வாரிசு சிறுவனாயிருப்பின் ஜமீனை 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' நிர்வகிக்கும். சென்னை மாகாணத்தில் 1902ஆம் ஆண்டு இதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பொறுப்பின்றிச் செல்வத்தில் திளைத்த அவ்வாரிசுகளின் பெயரே உல்லாசிகளுக்குப் பட்டமாயிற்று.

இலத்தீனில் இச்சொல்லின் பொருள் 'சிறியவர்' என்பதே. புனித பிரான்சிஸ் அசிசியார் 1209இல் தோற்றுவித்த துறவற சபைக்குச் 'சிறிய சகோதரர்' எனப் பெயரிட்டது தாழ்ச்சி கருதியே.

சட்டமோ வயதை மட்டுமே நோக்குகிறது. 18 வயது நிறையாதவர் மைனர். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் இவ்வாறே கூறுகிறது. ஆனால் நம் இல்லங்களில் நடப்பதென்ன? 25 வயது மகன் 'மைனர்'; 13 வயதில் பூப்பெய்திய மகளோ 'பெரியவள்'! மாமன் மகன் காத்திருக்கிறான் என்று உடனே கலியாணப் பேச்சும் எழுகிறது.

அன்புள்ள பெற்றோரே, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி மணமகளுக்கு 18, மணமகனுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஓலை எழுத வருவோரிடம் பங்குக் குருக்களாகிய நாம் வயதுச் சான்றினைக் கேட்பது இதற்காகவே. உற்றாரின் வாக்குறுதியோ பெற்றோரின் சம்மதமோ ஒரு சிறுமியின் வயதில் ஒரு நாளையும் கூட்டாது. அதுவரை அவள் கையில் இருக்க வேண்டியது பள்ளிப் புத்தகமே.