மழைக்கும் பனிக்கும் ஏற்ற சைக்கிள் எது?

அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரிக்குத் தினமும் சைக்கிளில் பள்ளி சென்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று இரண்டுமே இந்த மாவட்டத்துக்கு மழை தருகின்றன. மார்கழியில் விடியற்காலைப் பனி. சித்திரையில் சுட்டெரிக்கும் வெயில். தெற்கே சேலம் சாலையில் சென்றாலோ, விபத்துகளுக்குப் பெயர்பெற்ற தொப்பூர்க் கணவாயின் இறக்கம்!

சைக்கிள் கடையில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று, மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் கொண்ட பந்தய சைக்கிள். மற்றொன்று, மட்கார்டு, செயின் கவர், கேரியர் எல்லாம் உள்ள கனமான சைக்கிள். ஆண்டு முழுவதும் ஓட்ட எதை வாங்குவது? இதற்கு விடை காண உங்கள் பௌதிகப் பாடமே போதும்.

முதலில் பிரேக்கைப் பாருங்கள்

சாதாரண சைக்கிளில் ரப்பர்க் கட்டை ரிம்மை அழுத்துகிறது. அங்கே உண்டாகும் உராய்வுதான் வண்டியை நிறுத்துகிறது. குரோமிய முலாம் பூசிய எஃகு ரிம் நனைந்துவிட்டால் என்ன ஆகும்? கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே நீர்ப்படலம் ஒன்று புகுந்து, மசகு எண்ணெயைப் போல் வேலை செய்யும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹான்சன் என்பவர் 1971இல் இதை ஆராய்ந்தார். நனைந்த எஃகு ரிம்மில் உராய்வு, உலர்ந்த நிலையில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பிரேக்கை முழுதாக அழுத்திய பிறகும் சக்கரம் சராசரியாக 30 சுற்றுகள் சுற்றிய பின்னரே உராய்வு கூடத் தொடங்கியது. 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உருளும். அப்படியானால் 30 சுற்றுக்கு 60 மீட்டர்!

ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 20 கி.மீ. வேகம் என்பது வினாடிக்கு 5.6 மீட்டர். உலர்ந்த பிரேக், வேகத்தை வினாடிக்கு 3 மீட்டர் வீதம் குறைக்கிறது என்று கொண்டால், வண்டி சுமார் 5 மீட்டரில் நிற்கும். உராய்வு பத்தில் ஒன்றானால் 50 மீட்டருக்கு மேல் தேவை. அதுவும் சமதளத்தில்தான். 100 மீட்டருக்கு 3 மீட்டர் இறங்கும் சரிவில், புவியீர்ப்பு வண்டியை முன்னே இழுக்கும் அளவும் பிரேக் பின்னே இழுக்கும் அளவும் ஏறக்குறைய சமமாகிவிடும். பிரேக் உலரும் வரை வண்டியின் வேகம் குறையவே குறையாது. முன்னால் ஒரு லாரி நின்றால்?

அலுமினிய ரிம்மில் இந்தத் தொல்லை குறைவு. டிஸ்க் பிரேக்கில் இன்னும் குறைவு; தட்டு சக்கரத்தின் நடுவில், சேற்றுக்கும் தேங்கிய நீருக்கும் எட்டாமல் இருக்கிறது அல்லவா?

டயர் எவ்வளவு அகலம்?

மழையில் வழுக்காமலிருக்க ஆழமான பள்ளங்கள் வெட்டிய டயர் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். கார் டயர் வேகமாகச் செல்லும்போது நீரின்மேல் மிதந்துவிடுவது உண்மையே. ஆனால் அந்த வேகம் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. சைக்கிள் டயரின் அழுத்தத்துக்கு அது மணிக்கு 100 கி.மீ.க்கும் மேல். ஆகவே தார்ச்சாலையில் நீங்கள் மிதக்கப் போவதில்லை! அஞ்ச வேண்டியவை வேறு: முதல் மழையில் மேலெழும் எண்ணெய்ப் படலம், சாலையில் பூசிய வெள்ளைக் கோடு, சேறு, மணல்.

அகலம் தேவைப்படுவது குண்டும் குழியுமான சாலைக்காக. பின்சக்கரத்தின் மேல் 50 கிலோகிராம் பாரம் இருப்பதாகவும், டயரின் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோகிராம் என்றும் கொள்ளுங்கள். 50ஐ 3.5ஆல் வகுத்தால் சுமார் 14. தரையைத் தொடும் பரப்பு அவ்வளவு சதுர சென்டிமீட்டர்தான். பந்தய டயரில் அழுத்தம் இரண்டு மடங்கு; எனவே தொடும் பரப்பு பாதி. வேகம் கிடைக்கும், குலுக்கலும் கிடைக்கும். 32 முதல் 38 மில்லிமீட்டர் அகல டயர் நம் சாலைகளுக்கு நல்ல நடுவழி.

மட்கார்டு அழகுக்கா?

சுழலும் டயரிலிருந்து நீர்த்துளி தொடுகோட்டுத் திசையில் தெறிக்கிறது. பின்சக்கரத்து நீர் உங்கள் முதுகில் கோடு போடும். முன்சக்கரத்து நீர் செயினுக்கும் பெடல் அச்சின் பால்ரஸுக்கும் மணலைக் கொண்டு சேர்க்கும். மணலும் எண்ணெயும் கலந்தால் அது அரைக்கும் பசை! பல பந்தய வண்டிகளில் மட்கார்டு பொருத்த இடமே இராது. வாங்குமுன் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே விரல் நுழைகிறதா, மட்கார்டு திருகத் துளைகள் உள்ளனவா என்று பாருங்கள்.

கடுங்குளிர் நாடுகளில் பனிக்கட்டியைக் கரைக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்பு நீர் துருவை விரைவுபடுத்தும். அதனால் சிலர் குளிர்காலத்துக்கென்றே மட்கார்டு வைத்த மற்றொரு சைக்கிளை வைத்திருக்கிறார்கள். பின்லாந்தின் ஊலு நகரில் உறைபனியிலும் மாணவர்கள் சைக்கிளில் பள்ளி செல்கிறார்கள். நமக்கு உப்பும் இல்லை, உறைபனியும் இல்லை. ஒரே வண்டி போதும்!

ஆனால் மார்கழி மூடுபனிக்கு விளக்கு வேண்டும். டயரில் உரசி ஓடும் டைனமோ மழையில் வழுக்கும். வண்டி நின்றால் அணைந்துவிடும். மின்கலத்தில் எரியும் எல்.இ.டி. விளக்கும், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் நல்லவை.

இருப்பதைச் சீராக்குவோம்

பதினோராம் வகுப்பில் அரசு தரும் இலவச சைக்கிளை ஓட்டுபவர்கள் பலர். வேறு வண்டி வாங்காமலே அதை மழைக்குத் தயார் செய்யலாம். தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றுங்கள். நனைந்த செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். மழையில் பாதி வேகத்தில் செல்லுங்கள். இறக்கம் வருமுன்பே பிரேக்கை லேசாக அழுத்தி ரிம்மின் நீரைத் துடைத்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்

பள்ளி மைதானத்தில் ஒரு கோடு போடுங்கள். சைக்கிளை மெதுவாக ஓட்டி வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடியுங்கள். நின்ற தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு ரிம்களையும் தண்ணீரால் நனைத்து, அதே வேகத்தில் வந்து மீண்டும் அளவிடுங்கள். எஃகு ரிம், அலுமினிய ரிம், டிஸ்க் பிரேக் உள்ள மூன்று வண்டிகளில் இதைச் செய்து அட்டவணை தயாரியுங்கள். சாலையில் மட்டும் வேண்டாம்!

எந்தச் சைக்கிளை வாங்கலாம் என்பதை அந்த அட்டவணையே உங்களுக்குச் சொல்லும்.