முருங்கனுக்கு வரும் வாடகைக் கார்

மருதமடு மாதாவின் ஆவணித் திருவிழா நெருங்கும் நாட்களில் முருங்கன் சந்தியில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு வேடிக்கைக்குக் குறைவிராது. மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் பெருவீதியிலே கமக்காரரின் உழவு இயந்திரமும் வரும். யாத்திரிகரை ஏற்றிய பஸ்சும் வரும். இவற்றினிடையே, வழி தெரியாது தயங்கித் தயங்கிச் செலுத்தப்படும் பளபளப்பான கார்களும் வரும். அக்கார்களில் இருப்போர் அந்நியரல்லர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சூரிச்சிலும் வாழும் நம்மவரின் பிள்ளைகளே அவர்கள். தாய் தந்தையர் பிறந்த மண்ணைக் காண வந்திருக்கின்றனர். கார் அவர்களுடையதன்று, வாடகைக்கு எடுத்தது. அதற்கு ஒப்பமிட்டவர் யாரென்று விசாரித்தால், முருங்கனில் வயல் செய்யும் தாய்மாமனோ சித்தப்பாவோ என்று பல வேளைகளில் தெரியவரும். அந்த ஒப்பத்தைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

கடல் கடந்து வருவோர் முருங்கன் வழியே செல்வது புதுமையன்று. 1914 ஆம் ஆண்டில் தலைமன்னார் இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர், சென்னையிற் புறப்பட்டவர்கள் தனுஷ்கோடியிற் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் புகையிரதமேறிக் கொழும்பு சேர்ந்தனர். அவர்களைச் சுமந்த வண்டி முருங்கன் நிலையத்தைக் கடந்தே சென்றது. 1964 ஆம் ஆண்டு மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1990 இல் போரினால் இப்பாதையில் புகையிரதமும் நின்றது. 2015 இல் அது தலைமன்னார் வரை மீண்டும் ஓடத் தொடங்கிய போதிலும், விமானத்தில் வந்திறங்கும் குடும்பம் காரையே நாடுகின்றது. மடுவுக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டுக்கும் ஒரே கிழமையிற் சென்றுவர எண்ணுவோரை இதன்பொருட்டுக் குறைகூற முடியுமா?

முந்திய தலைமுறை அறிந்த வாடகைக் கார் வேறு. ஒஸ்ரினோ மொறிசோ சந்தியில் நிற்கும். சென்று ‘ஹயர்’ பேசுவார்கள். காரும் சாரதியும் இணைபிரியாது வருவர். சாரதியை விடுத்துக் காரை மாத்திரம் கொடுக்கும் வியாபாரம் அமெரிக்காவில் வளர்ந்தது. 1918 இல் சிக்காகோ நகரில் வால்ரர் ஜேக்கப்ஸ் என்பவர் பன்னிரண்டு போர்ட் கார்களுடன் தொடங்கிய தொழிலே பின்னர் ஹேர்ட்ஸ் என்னும் பெருங்கம்பனியாயிற்று. முன்பின் அறியாத ஒருவன் கையில் காரின் திறப்பைக் கொடுத்துவிட்டு உரிமையாளர் நித்திரை கொள்வது எங்ஙனம்? பத்திரமும் பிணையும் இருப்பதனாலேயே.

நம் நாட்டிலும் காரை வாடகைக்கு விடுவோர் பலர் உள்ளூரவர் ஒருவரின் தேசிய அடையாள அட்டையையும் பிணைக் கையெழுத்தையும் கேட்கின்றனர். வெளிநாட்டிலிருந்து வந்த மருமகனிடம் அந்த அட்டை இல்லை. மாமன் ஒப்பமிடுகின்றார். அன்பினால் இடப்படும் அவ்வொப்பத்தை வாசித்துப் பார்த்து இடுபவர் அரியர். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தாற் சொல்லவும் வேண்டுமோ! மூன்று கிழமை சென்றதும் மருமகன் விமானமேறிவிடுகின்றான். மதிலில் உரசிய கதவுக்கும், எங்கோ படம்பிடிக்கப்பட்ட வேகக் குற்றத்துக்கும், திருத்த வேலைக்காகக் கார் ஓடாது நின்ற நாட்களின் வாடகைக்கும் கணக்கு வரும்போது, அதை ஏந்தி நிற்பவர் மாமன். ஒரு போகத்து நெல் விற்ற பணம் இவ்வாறு போய்விடக்கூடும். ஆகவே காரை ஓட்டப்போகிறவர் பெயரிலேயே உடன்படிக்கை எழுதப்படல் வேண்டும். உள்ளூர்ப் பிணையின்றிக் கடவுச்சீட்டின் பிரதியையும் கடனட்டையையும் ஏற்றுக் கார் தரும் நிறுவனங்களும் உண்டு. வாடகை சற்று அதிகமாயினும் அவற்றை நாடுவதே முறை என்பது நம் கருத்து. ‘என்னில் நம்பிக்கையில்லையா?’ என்று மருமகன் கேட்பானாயின், கேட்கட்டும்.

இனி, சாரதி அனுமதிப்பத்திரம். கனடாவில் இருபது வருடம் கார் ஓட்டியவராயினும், கனடாப் பத்திரத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு இலங்கையிற் கார் ஓட்டுதல் சட்டப்படி செல்லாது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் என்பது 1926 ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து வழங்கிவரும் ஒன்று. 1949 இல் ஜெனீவாவில் ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கையின்படி அதன் ஆயுள் ஓராண்டே. அது நம் சொந்தப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பு மாத்திரமாதலால், மூலப் பத்திரமும் கையில் இருத்தல் வேண்டும். இதைப் பெறவேண்டிய இடம் அவரவர் வாழும் நாடு. இங்கு வந்திறங்கிய பின் தேடிப் பயனில்லை. அதனுடன் வந்தவர்களும் கொழும்பிலுள்ள இலங்கை ஒட்டோமொபைல் சங்கத்தில் அதனை உறுதிப்படுத்திக்கொள்வதே நெடுங்கால வழக்கம். 1904 இல் தொடங்கிய பழைய சங்கம் அது. மற்றொரு வழி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் பெறுதல். 2025 ஆம் ஆண்டு ஆவணி மாதம் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டினருக்கு இப்பத்திரம் வழங்கத் தொடங்கினர். மாமன் வெளியே காத்து நிற்கின்றார் என்று அவசரப்பட்டு அந்தக் கருமபீடத்தைக் கடந்து வந்துவிடாதீர்கள்.

இப்பத்திரத்தைப் பொலிசாருக்குக் காட்டுவதற்கான காகிதம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அதனிலும் பெரிய காரியம் காப்புறுதி. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், தெருவில் ஓடும் எந்த வாகனத்துக்கும் குறைந்தது மூன்றாந்தரப்புக் காப்புறுதியேனும் வேண்டுமென விதிக்கின்றது. எனினும் காப்புறுதிப் பத்திரம் தகுந்த அனுமதியுள்ள சாரதியைக் கருதியே எழுதப்படுகின்றது. அனுமதியில்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், காரின் சேதத்துக்குப் பணம் தர நிறுவனம் மறுக்கலாம். காயம்பட்டவருக்குக் கொடுத்த தொகையையும் பின்னர் திருப்பிக் கேட்கலாம். அப்பொழுது பிணை நின்றவரின் கதி என்னாகும்?

இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. சொந்தப் பாவனைக்கெனக் காப்புறுதி செய்த காரை அறிமுகத்தின்பேரில் வாடகைக்கு விடுவோர் ஊர்தோறும் இருக்கின்றனர். லீசிங் தவணை கட்டிமுடியாத கார்களும் அவ்வாறு கைமாறுகின்றன. ‘வாடகைக்கு விடுவதற்கும் இந்தக் காப்புறுதி செல்லுமா?’ என்று கேட்டு, எழுத்தில் விடை பெறுங்கள். வருமான அனுமதிப் பத்திரத்தையும் கண்ணாற் பாருங்கள். விடை சொல்லத் தயங்குபவரின் கார் மலிவாயினும் வேண்டாம். 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 மாசியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வைந்து ஆண்டுகளிற் பழைய கார்களின் விலையும் ஏறிவிட்டமையால், சிறு கீறலுக்கும் உரிமையாளர் பதறுவதை விளங்கிக்கொள்ளலாம். காரைப் பெறும்போது அதன் நாற்புறத்தையும், மேலதிகச் சில்லையும், ஓடிய தூரத்தையும், எரிபொருள் அளவையும் கைப்பேசியிற் படம்பிடித்து உரிமையாளருக்கும் அப்பொழுதே அனுப்பிவிட்டால் பாதி வழக்கு எழாது.

உயர்கல்விக்கென இங்கிருந்து புறநாடு செல்லும் மாணவருக்கும் இவையே பொருந்தும். அங்கே பிணைக்கு மாமனைக் கேட்பதில்லை. கடனட்டையில் ஒரு தொகையைப் பிடித்துவைக்கின்றனர். இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடம் மேலதிகக் கட்டணம் வாங்குவது பல நிறுவனங்களின் வழக்கம். நண்பர் நால்வர் சேர்ந்து கார் எடுத்தால், உடன்படிக்கையிற் பெயர் எழுதப்பட்டவர் மாத்திரமே சுக்கானைத் தொடலாம்.

பத்திரங்கள் யாவும் சரியென்றே கொள்வோம். வீதி இருக்கின்றது. பிரித்தானியாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருபவர்க்கு இடப்பக்கம் ஓட்டுதல் பழக்கமானதே. கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளில் ஓட்டிப் பழகியவர்க்கு அப்படியன்று. சுவீடன் தேசம் 1967 செப்டெம்பர் 3 ஆம் திகதி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியபோது நாடு முழுவதும் ஒரேநாளில் மாறிற்று. நம் விருந்தினரோ தன்னந்தனியே மாறவேண்டும். இங்கு ஓடும் யப்பானியக் கார்களிற் சைகை விளக்கின் பிடி வலக்கைப் பக்கம் இருக்கும். பழக்கதோஷத்தால் இடப்பக்கப் பிடியைத் தட்டிவிட்டு, ஆவணி மாத வெயிலிலே மழை துடைப்பானை ஆடவிட்டபடி முருங்கன் சந்தியில் திரும்புவோரைக் கண்டு சிறுவர்கள் சிரிக்கின்றனர். சைகை கிடையாமற் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது சிரிப்புக்குரியதன்று.

பறயனாலங்குளம், மடு வீதி, முருங்கன், தள்ளாடி என்று செல்லும் அப்பெருவீதி நேரானது, காப்பெற் இட்டது. வேகத்துக்கு ஆசை காட்டுவது. ஊர்ப்புறத்தில் மணிக்கு 50 கிலோமீற்றரும் வெளியில் 70 கிலோமீற்றருமே கார்களுக்கு எல்லை. இருள் கவிந்ததும் கட்டுக்கரைக்குளத்துப் பக்கமிருந்து மாடுகளும் எருமைகளும் வீதிக்கு ஏறும். கறுத்த எருமை கறுத்த தாரில் நிற்பது அருகே வந்த பின்னரே தெரியும். மன்னாரை நெருங்கினால் கழுதைகள். பண்டு அராபிய வணிகர் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவை அவை என்பர், எக்காரணங்கொண்டும் விலகுவதில்லை. பெரும்போக அறுவடையின்போது வீதியோரத்தில் நெல் காயும். கிராமங்களுக்குப் பிரியும் பாதைகள் சில இருப்புப்பாதையைக் கடப்பன. எல்லாக் கடவையிலும் காவலாள் இருப்பார் என்று எண்ணலாகாது.

ஆகையால், நள்ளிரவில் விமானத்தை விட்டிறங்கி, நித்திரையற்ற கண்ணுடன் கட்டுநாயக்கவிலிருந்தே சுக்கானைப் பிடிப்பதை நாம் ஒருபோதும் ஆதரியோம். குறைந்தது வரும் நாளிலும் திரும்பும் நாளிலுமாவது சாரதியுடன் கூடிய காரைப் பேசிக்கொள்ளுங்கள். கூலியைப் பேசும்போதே சாரதியின் உணவும் தங்குமிடமும் யார் பொறுப்பென்று பேசிவிடல் நன்று. முருங்கன் வீட்டில் அவருக்கும் விறாந்தையில் ஒரு பாயும் தலையணையும் நுளம்புவலையும் ஒதுக்குங்கள். காரினுள்ளே படுக்க விடாதீர்கள். விடிந்ததும் மதவாச்சி வரை வண்டியைச் செலுத்தப்போகிறவர் அவரல்லவா?