தேடற்சொல் தேர்வு

தேடற்சொல் தேர்வு என்பது ஆய்வுக்குத் தேவையான நூல்களையும் ஆவணங்களையும் நூலகப் பட்டியல்களிலும் தரவுத்தளங்களிலும் கண்டெடுக்க ஏற்ற சொற்களைத் தெரிந்தெடுப்பது ஆகும். இப்பட்டியல்கள் பெரும்பாலும் எழுத்துக்களையே ஒப்பிடுகின்றன. ஆகவே, ஆவணத்தை எழுதியவர் எச்சொல்லைப் பயன்படுத்தியிருப்பார் என்பதை ஆய்வாளரே ஊகிக்க வேண்டும். பல பெயர்களால் அறியப்படும் திருவண்ணாமலை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு ஆகும்.

பெயர் வேறுபாடுகள்

தேவாரத்தில் இத்தலம் அண்ணாமலை எனப்படுகிறது. வடமொழிப் புராணங்களிலும் இரமண மகரிசி தொடர்பான நூல்களிலும் அருணாசலம் என்ற பெயரே மிகுதி. பழைய ஆங்கிலேயப் படைக்குறிப்புகளிலோ இவ்வூர் "திரினோமலி" ஆகிவிடுகிறது. 1767 செப்டம்பரில் ஐதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் இங்கு நடந்த போரை இன்றைய பெயரால் மட்டும் தேடுபவர், அக்காலத்து மூல ஆவணங்களைத் தவறவிடக்கூடும். அதே மாதம் செங்கத்தில் நடந்த போர் "சங்கமா" என்ற பெயரில் கிடக்கிறது.

ஆங்கிலத்தில் முதல் எழுத்தை அடுத்து "எச்" இட்டும் இடாமலும் எழுதுவர். இரண்டையும் தேடுதல் வேண்டும். ஊர்மக்கள் கிரிவலம் என்பதை ஆங்கில நூல்கள் பல "பிரதட்சிணம்" என்கின்றன.

நிருவாக எல்லை

பலர் கவனிக்கத் தவறுவது இதுவே. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 இல்தான். அதற்கு முன் அது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன், 1906 இல் வெளியான தென் ஆர்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் இவ்வட்டம் இடம்பெற்றுள்ளது. ஆகவே, 19 ஆம் நூற்றாண்டுப் பஞ்சத்தையோ நிலவரியையோ இன்றைய மாவட்டப் பெயரால் தேடிவிட்டு "ஆவணம் எதுவும் இல்லை" என்று ஆய்வேட்டில் எழுதுவது பெரும்பிழையாகும்.

பொருந்தா முடிவுகள்

"அண்ணாமலை" என்று மட்டும் தேடினால் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், அப்பெயர் கொண்ட மனிதர்களும் வந்து குவிவர். ஆங்கில எழுத்தில் கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆனைமலையும் சேர்ந்துகொள்ளும். கார்த்திகை தீபம், கல்வெட்டு, போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் போன்ற துணைச்சொல் ஒன்றைச் சேர்த்தால் முடிவுகள் குறுகும். வல்லாளனைப் "பல்லாளன்" என்றும் தேட வேண்டும்.

தமிழில் தேடுதல்

கோயில், கோவில் ஆகிய இரு வடிவங்களும் வழக்கில் உள்ளன. "மாவட்டம்" என்ற சொல் வேற்றுமை ஏற்கும்போது "மாவட்டத்தில்" என மாறுவதால், சொல்லின் மாறாப் பகுதியான "மாவட்ட" என்பதைக் கொண்டு தேடுவது பயன்தரும். 1978 ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சான நூல்களில் "ணா", "லை" ஆகிய இரண்டும் பழைய வடிவில் இருக்கும். இவ்வூர்ப் பெயரில் இரண்டுமே உள்ளன. வருடிய நூல்களில் எழுத்துணரி இவற்றைப் பிழையாகப் படித்திருப்பின், சரியான சொல்லால் தேடினாலும் நூல் அகப்படாது. அப்போது ஆசிரியர் பெயராலோ பதிப்பாண்டாலோ தேடிப் பக்கங்களை நேரில் புரட்டுவதே வழி.